பஸ்ஸில் கூப்பிட்ட பெயர்

என் செல்லச் சண்டைக்காரி றெஜினா அக்காவுக்கு,

புனித பூமிக்குப் போய்த் திரும்பிவிட்டேன். மொன்ட்ரியாலில், நம் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில், உன் கட்டிலில் இருந்துதான் எழுதுகிறேன். வெளியே பனி கொட்டுகிறது. கண்ணை மூடினால் அந்த பஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன்னிடம் ஒரு கள்ளத்தைச் சொல்ல வேண்டும். நாமிருவரும் சேர்ந்து பதிந்த பயணம் அல்லவா? நீ இறந்தபின் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லி நான்தான் அறிவித்திருக்க வேண்டும். ஐந்து மாதமாக முடியவில்லை. போனை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

முதல் நாள் பெத்லகேமில் வழிகாட்டி பஸ்ஸில் நின்று பெயர் கூப்பிட்டபோது உன் பெயரும் வந்தது. நீயும் வந்திருக்கிறாய் என்பதுபோல் என் வாய் தானாக "ஓம்" என்றது. அடுத்து என் பெயர். அதற்கும் "ஓம்". உன் செத்தவீட்டுக்கு வந்த நம் பங்குச் சனம்தான் அந்த பஸ் முழுக்க. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எட்டு நாளும் அப்படித்தான். யன்னலோரத்தில் உன் நீலச் சால்வையை வைத்தேன். கலிலேயாக் கடலில் படகு அசைந்தபோது நீ என் தோளில் தூங்கி விழுந்தாய் என்றே நினைத்தேன். எது கனவு என்று எனக்கே பிடிபடவில்லை. உனக்காவது தெரியுமா?

கடைசி நாள் எம்மாவு. உயிர்த்த ஆண்டவர் கூடவே நடந்தும் இரண்டு சீடர்களுக்கு அவரைத் தெரியாமல் போன வழி. பூசை முடிந்து விமான நிலையத்துக்குப் போக ஏறினோம். வெளியே பனிப்புகார். வழிகாட்டி உன் பெயரைக் கூப்பிட்டார். இன்றும் ஓம் என்றால் வீட்டுக்கு வந்தும் இதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன் என்று பயம் வந்துவிட்டது.

எழுந்தேன். "அக்கா இல்லை. அவ செத்துப்போனா," என்றேன். தமிழில்! அந்த மனிதருக்கு என்ன விளங்கும்? மொன்ட்ரியால்-நோரில் இருக்கிற சேவியர் அண்ணைதான் பின் சீட்டிலிருந்து இங்கிலிஷில் சொன்னார்.

வழிகாட்டிக்கு முதல் நாளே தெரியுமாம். தலையை எண்ணாமல் ஒருநாளும் பஸ்ஸை எடுப்பதில்லையாம்.

"நீங்களும் ஏன் அண்ணை பேசாமல் இருந்தனீங்கள்?"

"நீயாச் சொல்லும் மட்டும் பாத்துக்கொண்டிருந்தனாங்கள், பிள்ளை. அவவும் எல்லாத்தையும் பாக்கட்டுமே எண்டு விட்டிட்டம்."

அங்கேயே அழுதேன் அக்கா. நீ போனபின் அதுதான் முதல் அழுகை.

நேற்று பல் டொக்டரிடமிருந்து போன். "பொன்ஜூர், மேடம் றெஜினா?" வழக்கமாக நீ வெளியே போயிருக்கிறாய் என்பேன். நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சொன்னபின் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

இறந்தவர்களுக்கான பூசைக்கு உன் பெயரை இன்னும் கொடுக்கவில்லை. இந்த ஞாயிறு கொடுப்பேன், சத்தியமாக. பங்குச் சுவாமி பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். உன் பெயர் வரும்போது, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காமல், ஒரேயொரு முறை "ஓம்" என்பேன். அதற்கு மட்டும் என்னை ஏசாதே.

எட்டு நாளும் யன்னல் சீட்டை உனக்கே விட்டுத்தந்த,
உன் தங்கை.