முப்பது பாக்கெட் நெத்திலி

ஜனவரி 22, 2025, புதன்

காலையிலிருந்து மேகம். களத்தில் கருவாட்டுக்குப் பரப்பிய நெத்திலி மதியம் வரை பச்சையாகவே கிடந்தது. மூன்று மணிக்குத்தான் வெயில் தலை காட்டியது. ஒரு நாள் காய்ந்தது போதும் என்று அள்ளச் சொல்லிவிட்டேன்.

அருணகிரி போன் செய்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் ஏழு சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுப்பவர் அவர்தான். நம் இருநூறு கிராம் பாக்கெட்டை ஏழு கடையிலும் வைக்கலாம் என்கிறார். மார்ச்சில் முடிவு சொல்வாராம். இந்தத் தேவனேரியிலிருந்து தலையில் கூடை தூக்கி நடந்தவள் நான். இருபத்திரண்டு வருஷத்தில் ஏ.சி. கடைக்குள் போகும் முதல் சரக்கு இதுவாகத்தான் இருக்கும். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் பிரதீபா வந்தது. நம்மிடம் பாக்கெட் போடும் சாந்தாவின் மகள். செங்கல்பட்டில் பி.எஸ்சி. புள்ளியியல், மூன்றாம் வருஷம், வகுப்பில் முதல். நம் சரக்கு போகும் கடைகளின் பட்டியல் கேட்டது.

"இன்னாத்துக்கு?"

"ஹோம்வொர்க் பெரிம்மா. பாக்கெட்ட நிறுத்துப் பாக்கணும்."

கொடுத்தேன். படிக்கிற பிள்ளை, போகட்டும்.

ஜனவரி 25, சனி

கொடுத்திருக்கக் கூடாது.

ஹோம்வொர்க் இதுதான். எடை அச்சடித்து விற்கும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். பல கடைகளில் முப்பது பாக்கெட்டை நிறுத்து, அச்சில் இருக்கும் எடை உண்மையா என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். பிரதீபா நம் நெத்திலியை எடுத்திருக்கிறது. அம்மாவோடு சரக்கு போட வரும் பெண் என்று கடைக்காரர்களுக்குத் தெரியும், நிறுத்துவிட்டுத் திருப்பி வைக்க விட்டிருக்கிறார்கள். திருக்கழுக்குன்றம், அச்சரப்பாக்கம், முட்டுக்காடு, எல்லா இடத்துக்கும் பையில் சின்னத் தராசோடு பஸ்ஸில் போயிருக்கிறது. கவருக்கு நாலு கிராம் கழித்தும் இருக்கிறது. அவ்வளவு ஒழுங்கு.

சராசரி 191.4 கிராம்.

"எதேச்சையா வர்ற குறைவு இல்ல பெரிம்மா. சோதனைக் கணக்குல வர்ற எண், கிராம் இல்ல, மைனஸ் ஒண்ணு புள்ளி ஏழுக்குக் கீழ போனாலே குறைவுன்னு அர்த்தம். இது மைனஸ் பதினொண்ணு."

நல்ல செய்தி சொல்வது மாதிரிதான் சொன்னது. விடை பளிச்சென்று வந்துவிட்ட சந்தோஷம் அதுக்கு. தாளின் தலைப்பில் என் பிராண்ட் பெயர், அடிக்கோடு போட்டு.

இந்த நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்? பாக்கெட் போடும்போது இருநூறு சரியாக இருக்கும். அரைகுறையாகக் காய்ந்த சரக்கு கவருக்குள் வேர்க்கும் என்று ஊசியால் நாலு குத்து குத்துகிறோம். அந்த ஓட்டை வழியாக ஈரம் போகிறது, எடையும் போகிறது. எனக்குத் தெரியும். தராசு பார்க்க அதிகாரி வந்தால் களத்தில்தான் வருவார், களத்தில் சரியாக இருக்கும். இதுவரை யாரும் கடையில் போய் நிறுத்ததில்லை.

பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று எடைகள் எழுதிய தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

சாந்தாவைக் கூப்பிட்டு, "வேற பொருள எடுத்துக்கச் சொல்லு, பிஸ்கட்டு, உப்பு, எது வேணா" என்றேன். போன வாரமே வாத்தியாரிடம் பொருளின் பெயர் கொடுத்தாகிவிட்டதாம், மாற்ற முடியாதாம். சாந்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறவள். பிறகு மகளை அனுப்பி வைத்தாள்.

"எழுதுடி. நூத்தித் தொண்ணூத்தொன்பது. இருநூத்தி ஒண்ணு. இருநூறு. நூத்தித் தொண்ணூத்தெட்டு."

"பெரிம்மா, இது தப்பு."

"உன் சாருக்குத் தராசப் பத்தி இன்னா தெரியும்? நா எத்தினி வருசமா முள்ளப் பாத்துகினு கீறேன். எழுது."

முப்பதும் சொன்னேன். 198-க்கும் 202-க்கும் நடுவில், ஏற்றியும் இறக்கியும், சந்தேகம் வராத மாதிரி. சராசரி சரியாக 200. மனக்கணக்கில் எனக்கு அது ஒரு விஷயமா?

கடைசிக் கேள்வியை அதுவே வாசித்துக் காட்டியது: உன் முடிவு தவறாகிப் போனால் யாருக்கு நஷ்டம், விற்பவருக்கா, வாங்குபவருக்கா?

"அதுக்கு நீயே எதுனா எழுதிக்கோ" என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பிரதீபா ஹோம்வொர்க்கைக் கொடுத்துவிட்டதாம். சரி. முடிந்தது.

பிப்ரவரி 12, புதன்

முடியவில்லை.

சாந்தா அழுதுகொண்டே வந்தாள். வாத்தியார் சிவப்பிரகாசம் கண்டுபிடித்துவிட்டார். எடைகள் கற்பனை, நிறுக்கவே இல்லை என்று முழு வகுப்பின் முன்னால் சொல்லியிருக்கிறார். இருபத்தைந்துக்குப் பூஜ்யம். அது போகட்டும். சென்னையில் எம்.எஸ்சி. சேர அவர்தான் சிபாரிசுக் கடிதம் தருவதாக இருந்தார். பொய்த் தகவல் எழுதும் பிள்ளைக்குக் கடிதம் கிடையாது என்று சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறார். அந்தப் புகார் போய்விட்டால் இந்தப் பெண் பெயருக்குப் பக்கத்தில் நிரந்தரக் கறையாக நின்றுவிடும்.

"பாப்பா இன்னா சொல்லுச்சு?" என்றேன்.

"நாந்தான் போட்டேன்னு சொல்லிச்சாம். உன் பேர எடுக்கல. எடுத்தா என் வேல போயிடும்னு பயந்துகினு கீது."

நான் அப்படிச் செய்வேனா? என்னையே கேட்டுக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேசிய பேச்சைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பிப்ரவரி 13, வியாழன்

சாந்தா வேலைக்கு வந்தாள். பாக்கெட் போட்டாள். எப்போதும் 'அக்கா' என்பவள் என்னை 'மேடம்' என்றாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

அருணகிரி போன். அடுத்த வாரம் களத்தைப் பார்க்க வருகிறாராம். இப்போது நான் கல்லூரிக்குப் போய் உண்மையைச் சொன்னால் ஏழு கடையும் போகும். செங்கல்பட்டு என்ன பெரிய ஊரா? ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள், அறுபது வீடு.

போகாவிட்டால்?

சாந்தாவை வைத்துக்கொண்டு பேசித் தீர்க்கலாம். பெண்ணுக்கு வேறு கல்லூரியில் சீட்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாம். சொல்லிப் பார்க்கத்தான் கூப்பிட்டேன். அவள் கையில் நெத்திலியோடு நிமிர்ந்து பார்த்தாள். "வெயில் நல்லா கீது, திருப்பிப் போடு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மகன் சுதாகருக்குப் போன் போட்டேன். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம், ஹாஸ்டலில் இருக்கிறான். காரணம் சொல்லாமல், கருவாடு எவ்வளவு ஈரம் போனால் எவ்வளவு எடை போகும் என்று கேட்டேன். சிரித்தான்.

"ம்மா, எங்க அசைன்மென்ட்ல ஆறாவது கணக்கே அதான்."

"போட்டியா?"

"பெஞ்சமின் போட்டான். நான் காப்பி அடிச்சேன்."

"இப்ப நீயே போட்டுட்டு சொல்லு."

அரை மணி நேரம் ஆனது. நூறில் நாற்பது பங்கு ஈரத்தோடு இருநூறு கிராம் பாக்கெட் போட்டால் அதில் உண்மையான மீன் நூற்றிருபது கிராம்தானாம். ஈரம் நாற்பதிலிருந்து முப்பத்தேழுக்கு வந்தாலே பாக்கெட் நூற்றுத் தொண்ணூறு ஆகிவிடுமாம். "மூணே மூணு சதவீதம்மா, பத்து கிராம் காலி" என்றான்.

எனக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்ததுதான். கணக்காகக் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. மீன் என்று அச்சடித்துத் தண்ணீரைத்தானே நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

எட்டரைக்கே கல்லூரி வாசலில் நின்றேன். பழைய தாளைப் பையில் வைத்திருந்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். எடை எழுதிய தாளைக் கிழிக்க எனக்குக் கை வருவதில்லை.

சிவப்பிரகாசம் வாத்தியாருக்கு ஐம்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுகிறார், அதுவே பயமாக இருந்தது. பிரதீபா சுவரோரம் நின்றது. என்னைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையாட்டியது.

"அந்த எண்கள நான் சொன்னேன் சார். பொண்ணு மாட்டேன்னுச்சு. நான்தான் எழுத வச்சேன்."

"நீங்க யாரும்மா?"

"பாக்கெட்ல பேர் இருக்கே, பானுமதி. அது நான்தான்."

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. கேட்டே விட்டேன்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? நான் தராசுலயே பொழைக்கிறவ."

என் முப்பது எண்களையும் எதிரே வைத்தார். "அஞ்சே அஞ்சு எடையத்தான் மாத்தி மாத்திச் சொல்லியிருக்கீங்க. ஆனா ஒரு தடவைகூட ஒரே எடை அடுத்தடுத்து வரல. உண்மையா நிறுத்திருந்தா அஞ்சாறு தடவை வந்திருக்கும். மனசுல இருந்து சொல்றவங்க இப்பத்தானே சொன்னோம்னு தள்ளிப் போயிடுவாங்க. தராசுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஆயிரம் பேர் நிறுத்தா ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோதான் இப்படி அமையும்."

பழைய தாளைக் கொடுத்தேன். அதில் 189, 189, 194, 189 என்று அடுக்காக இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பிரதீபாவிடம், "இதை ஏன் கொடுக்கல?" என்றார். அது என்னைப் பார்த்தது, தரையைப் பார்த்தது.

"என்கிட்ட இருந்துச்சு சார்" என்றேன்.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பழைய கணக்கையே என் பிராண்ட் பெயரோடு பிரதீபா வகுப்பில் வாசிக்க வேண்டும் என்றார். சரி என்றேன். பூஜ்யம் பதினேழு ஆனது. பொய் எழுதச் சம்மதித்ததற்கு எட்டு மார்க் குறைத்துவிட்டார். துறைத் தலைவரிடம் புகார் தரவில்லை, சிபாரிசுக் கடிதத்தைப் பற்றி யோசிக்கிறேன் என்றார்.

பஸ்ஸில் பிரதீபா பக்கத்தில் உட்காரவில்லை. ரெண்டு சீட்டு தள்ளி உட்கார்ந்து வந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

அருணகிரியிடம் நானே சொல்லிவிட்டேன். வேறு வாயிலிருந்து போவதற்குள் போகட்டும் என்றுதான், வேறு பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

"இன்னாம்மா இது, நானே ஏழு கடைக்கும் சொல்லி வச்சுகினு கீறேன்" என்றார். பிறகு, "மார்ச்சுல பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 24, திங்கள்

இப்போது சரக்கை ரெண்டு நாள் காய வைக்கிறோம். கவரில் ஊசிக் குத்து கிடையாது. ஒரு கூடைக்கு எத்தனை பாக்கெட் குறைகிறது என்று பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. சாந்தாவும் பார்க்கிறாள்.

மார்ச் 10, திங்கள்

கடைகளில் பழைய சரக்கு தீர்ந்து புதுசு வந்துவிட்டது. பிரதீபாவிடம் நானே போய்க் கேட்டேன், இன்னொரு தடவை நிறுத்துத் தருவியா என்று. எந்தக் கடை, எந்த நாள் என்று நான் கேட்கக் கூடாது என்றது. ஒத்துக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

சராசரி 199.1.

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. "எழுது, எடை சரியா கீதுன்னு. அருணகிரி இப்ப வருவாரு" என்றேன்.

"அப்படி எழுத முடியாது பெரிம்மா."

"இன்னாடி? மைனஸ் ஒண்ணு புள்ளி ஏழத் தாண்டலியே. நீதான சொன்ன?"

"தாண்டல. மைனஸ் ஒண்ணரைகிட்ட நிக்குது. அதனால குறைவுன்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு எழுதறேன். சரின்னு எழுத மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்ல. குறைவுன்னு நிரூபிக்க முடியலன்னா, சரின்னு நிரூபிச்சதா ஆகாது."

எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் அதட்டினேன் என்றும் சொல்ல வேண்டும். அசையவில்லை. உள்ளேயிருந்து சாந்தா, "வுடுக்கா, அது எழுதாது" என்றாள்.

அதையே எழுதச் சொன்னேன். முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. முப்பது எடையும் கீழே.

அருணகிரி தாளை ரெண்டு தரம் படித்தார்.

"யாரும்மா இந்தப் பொண்ணு? நல்லதா ஒரு வார்த்த எழுதித் தரக் கூடாதா?"

"கேட்டேன். எழுத மாட்டேங்குது."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மொதல்ல ரெண்டு கடைக்கு அனுப்புங்க என்றார்.