தையல்கடைக்காரியின் புகாரும் நம் வீட்டு நம்பரும்

அன்புள்ள உங்களுக்கு, வணக்கத்துடன் உங்கள் மனைவி எழுதுவது.

இங்கே அத்தையும் பிள்ளைகளும் சுகம். உங்கள் இருமல் நின்றதா? சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா பார்ப்பதற்குள் புதுப்பல் முளைத்துவிடுமோ என்று கண்ணாடியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. அதில் பாதிக்கு மேல் அந்தத் தையல்கடைக்காரிதான். வங்கிகள் மீது வரும் புகார்களை ஆணையம் ஒழுங்காக விசாரிக்கிறதா என்று பார்க்கத்தான் அரசாங்கம் உங்களை அங்கே அனுப்பியிருக்கிறது, தெரியும். ‘தீர்ந்தது’ என்று முத்திரை குத்தி மூடிய புகார்களை எடுத்து, கொடுத்தவர்களுக்கே போன் போட்டு, நிஜமாகவே தீர்ந்ததா என்று கேட்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அவளுக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் போன்? அதே பெயரில் வேறொருத்தி வாங்கிய கடனுக்கு இவள் கணக்கை வங்கி முடக்கியதை, அவள் அழுததை, அழுகைக்கு நடுவில் சிரித்ததை எல்லாம் இவ்வளவு விவரமாக எனக்கு எழுத வேண்டுமா? நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, மாத்திரை போட்டாயா என்பதற்கு மேல் உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மதியம் வீட்டுப் போன் அடித்தது. பெண் குரல். என்னைவிடச் சின்னவள் என்று குரலே சொன்னது. சார் இருக்காரா என்றாள். எந்த சார் என்றேன். தையல்கடை என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவசரம் என்றால் கூப்பிடச் சொல்லி நம்பரை நீங்களே கொடுத்தீர்களாமே! வைத்துவிடத்தான் கை போனது. அதற்குள் அவள், வெச்சிடாதீங்கக்கா, எனக்குப் பயமா இருக்கு என்றாள்.

ஆணையத்தின் புகார்ப் பிரிவிலிருந்து இரண்டு பேர் அவள் கடைக்கே போயிருக்கிறார்கள். அவள் புகார் எப்போதோ தீர்ந்துவிட்டது, தணிக்கைக்கு வந்த நீங்கள்தான் தீரவில்லை என்று சொல்லச் சொல்லித் தூண்டினீர்கள் என்று அவர்களே எழுதிக்கொண்டு போய், கையெழுத்துப் போட்டால் நாளைக்கே கணக்கு திறக்கும் என்றார்களாம். அவளோ வாடகை கொடுக்க முடியாமல் கடையைக் காலி செய்யும் நிலையில் இருக்கிறாள். நானாக இருந்தால் போட்டிருப்பேன். அவள் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். என் பேச்சை முழுசா கேட்ட ஒரே மனுஷன் அவர்தான்க்கா, அவர் தலையில மண்ணள்ளிப் போடச் சொல்றீங்களா என்றாள்.

உங்களை நினைத்துப் பெருமைப்படுவதா, வயிறு எரிவதா? இரண்டையும் செய்தேன்.

நீங்கள் தங்கியிருப்பது அந்த ஆணையத்தின் விடுதி. அந்தப் போனில் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால்தான் உங்கள் துறை டிரைவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அறிக்கையைக் கொஞ்சம் மென்மையாக எழுதும்படி மேலதிகாரி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். மென்மையாவது ஒன்றாவது! நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பதவி உயர்வு தள்ளிப்போனால் போகட்டும், இருக்கிற சம்பளத்தில் ஓட்டிக்கொள்வோம்.

அவளிடம் நேரில் வாக்குமூலம் வாங்க வேண்டியிருக்குமே, தனியாகப் போகாதீர்கள். ஏற்கெனவே உங்கள் மேல் பழி போடக் காத்திருக்கிறார்கள். அலுவலகத்து ஆள் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள். நானும் வருகிறேன். மனைவி சொல்லை யாரும் சாட்சியாக மதிக்க மாட்டார்கள் என்று தெரியும். தைக்கக் கொடுக்க வந்தவள் மாதிரி கடை வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். துணிகூட எடுத்து வைத்துவிட்டேன். அவளுக்கும் பக்கத்தில் ஒரு பெண் இருந்தால் தெம்பாக இருக்கும். அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்கும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளை அத்தை பார்த்துக்கொள்வார்கள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். எதற்கு வீண் அலைச்சல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பஸ் நிலையத்துக்கு நீங்களே வாருங்கள், வேறு யாரையும் அனுப்ப வேண்டாம்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டிக்கொண்டு,
உங்கள் மனைவி.