ஏறாதவனை நம்பி ஏறிய மலை

என் உயிர் மச்சான் சேவியருக்கு,

முனுசாமி எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இறந்துபோனவனுக்குக் கடிதம் எழுதுகிற ஆளா நான்? ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா சொன்ன ஒரு விஷயத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு எதுவுமே ஓடவில்லை. லேத்துக்கு முன்னால் நிற்கும்போது கை அதன் பாட்டுக்கு வேலை செய்கிறது. மனசு மட்டும் ஏலகிரி மலைப்பாதையில் போய் நின்றுவிட்டது. உன்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊர் சேதி. மெட்ராஸ் என்ற பெயரை எடுத்துவிட்டுச் சென்னை என்று வைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. மண்ணூர்பேட்டையில் நாம் டீ குடிக்கும் கடைக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. அயனம்பாக்கத்தில் என் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய நிலத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். நம் கம்பெனியில் மட்டும் எதுவும் மாறவில்லை. அதே சைக்கிள் பெடல் அச்சு, அதே எண்ணெய் நாற்றம். உன் மெஷினில் வேறு ஆள் நிற்கிறார். நல்ல மனுசன்தான். ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பாமல் வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

நீ போன விதத்தை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. மத்தியானச் சாப்பாடு முடித்துக் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாய். "மச்சான், கொஞ்சம் புடி" என்றாய். டப்பாவைத்தான் பிடிக்கச் சொல்கிறாய் என்று கையை நீட்டினேன். நீ விழுந்தாய். டப்பா என் கையில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறேன். அன்று வந்த அதிர்ச்சிக்கு மேல் வாழ்க்கையில் இன்னொன்று வராது என்று நினைத்திருந்தேன்.

நம் கதை தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

நம் முதலாளிக்கு வெளிநாட்டிலிருந்து சைக்கிள் பத்திரிகைகள் தபாலில் வரும். புது மாதிரிப் பெடல்களைப் பார்ப்பதற்காக வரவழைப்பார். பார்த்து முடித்ததும் அவை ஸ்டோர் ரூமுக்கு வந்துவிடும், சாமான் சுற்ற. நீதான் அவற்றைப் பொறுக்கி எடுத்தாய். சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷும் ஒரு கிழிந்த அகராதியும் உனக்குப் போதுமாக இருந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு கதையைப் படிப்பாய். பிறகு டீக்கடை பெஞ்சில் வைத்து எனக்குச் சொல்வாய்.

பனிமலைக்காரன் கதையை நீ சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது.

"ஒரே ஆளு மாமே. கூடாரம், அடுப்பு, போர்வை எல்லாத்தையும் சைக்கிள்ல கட்டிக்கினு பனிமலையத் தாண்டிக்கீறான். பாதி சக்கரம் பனியில முழுகிப் போவுது. பிரேக்கப் புடிச்சா வெரலு ஒட்டிக்குது. அப்பயும் அவன் திரும்பல."

"இன்னாத்துக்கு மச்சான் இந்தப் பாடு? அந்த ஊர்ல பஸ்ஸு இல்லியா?"

"பஸ்ஸு கீது. அவனுக்கு வாணாம்."

அந்த 'வாணாம்' என்ற சொல் என்னை என்னவோ செய்தது. எனக்குத் தெரிந்து வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் நம் வீட்டில் யாரும் இருந்ததில்லை. கிடைத்ததை எடுத்துக்கொண்ட குடும்பம். சைக்கிளுக்குப் பெடல் அச்சு கடைகிற நாம் இருவரும் அதுவரை சைக்கிளில் போன அதிக தூரம், இந்தப் பக்கம் ஆவடி, அந்தப் பக்கம் குமணன்சாவடி. வேலைக்குப் போக, ரேஷன் வாங்க, சினிமா பார்க்க. சும்மா போவதற்காகவே ஒருவன் சைக்கிளில் போவான் என்பதே எனக்குப் புதிது.

அந்தத் தீபாவளியன்றுதான், பொங்கல் லீவில் ஏலகிரி போவதென்று பேசிவைத்தோம். ஆவடியில் பழைய மிலிட்டரி கேன்வாஸ் வாங்கிவந்தாய். ஸ்டெல்லா பை தைத்துத் தந்தாள். பழைய டியூபைப் பட்டையாக அறுத்துக் கட்டுவதற்கு வைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரி கஸ்தூரி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பொங்கல் சாப்பிட்ட மறுநாள் விடியலில் கிளம்பினோம். கொம்பில் புது வர்ணத்தோடு மாடுகள் ரோட்டோரம் நின்று நம்மைப் பார்த்தன. பெங்களூர் ரோட்டில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து ஒதுக்கினார்கள். முதல் நாள் வாலாஜாவில் ஒரு சர்ச் வராந்தாவில் படுத்தோம். மறுநாள் முழுக்க எதிர்காற்று. ஆம்பூர் தாண்டும்போது எனக்கு உள்ளங்கால் மரத்துப்போயிருந்தது. மூன்றாம் நாள் காலையில் மலையடிவாரம்.

கியர் இல்லாத சைக்கிளில் அந்த மலையை மிதிக்க முடியாது என்பது முதல் வளைவிலேயே தெரிந்துபோனது. இறங்கித் தள்ளினோம். பாதி மலையில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னால ஆவாது மச்சான். ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

நீ பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டாய். உன் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது. "டேய் முனி, அந்த ஆளு பனியில, ஒண்டியா ஏறிக்கீறான்டா. நமக்கு ரோடு கீது, வெயிலு கீது, நான் கீறேன். எழுந்திரு."

எழுந்தேன். உன்னை நம்பி எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பனிமலைக்காரனை நம்பி எழுந்தேன். அவன் முகம்கூடத் தெரியாது. ஆனால் எனக்கு முன்னால் அவன் தள்ளிக்கொண்டு போவது போலவே இருந்தது. உச்சிக்குப் போனதும் காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. நான் அழுதேன், நீ பார்க்காதது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு எனக்கு எது வந்தாலும் அவன்தான் துணை மச்சான். கம்பெனியைப் பூட்டிய நாலு மாசமும் அவனை நினைத்துக்கொண்டேன். கஸ்தூரிக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி நடையில் நின்று, 'அந்த ஆளு தனியா ஏறினான்' என்று சொல்லிக்கொண்டேன். உன்னைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவந்தபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நம் கம்பெனி ஆபீசில் இந்த வருடத்துப் பத்திரிகைகளைக் கழித்துப் போட்டார்கள். உன் ஞாபகத்தில் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா இப்போதும் அதே டைப்பிஸ்ட் வேலையில்தான் இருக்கிறாள், அவள் படித்துச் சொல்வாள் என்ற எண்ணம். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாம் சாமான். எந்த சைக்கிள் எவ்வளவு எடை, எந்தக் கியர் நல்லது, எந்த ஹெல்மெட் என்ன நிறம்.

"ஊர் சுத்தற கதையெல்லாம் இப்ப யாரும் போடறதில்ல போலக்கீதுண்ணா" என்றாள். நான் கிளம்பலாமா என்று பார்க்கும்போது கடைசிப் புத்தகத்தில் ஒன்று அகப்பட்டது. ஒரு பொம்பளை பாலைவனத்தைச் சைக்கிளில் தாண்டிய கதை. ஸ்டெல்லா படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். மணலில் வண்டி புதைகிறது, தண்ணீர் தீர்ந்துபோகிறது, ஒட்டகக்காரர்கள் டீ கொடுக்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்குக் கால் பரபரத்தது மச்சான். இந்த வயசிலும்.

"இதுவும் நல்லாத்தான் கீது தங்கச்சி. ஆனா அந்தப் பனிமலைக் கதைக்கு ஈடாவாது. சேவியர் வெச்சிருந்தானே, அத எடு, ஒரு வாட்டி படி" என்றேன்.

ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். "எது, அந்தப் பொய்க் கதையாண்ணா?"

எனக்குப் புரியவில்லை.

"அந்த ஆளு போவவே இல்லியேண்ணா. உங்களுக்குத் தெரியும்ல?"

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "அவரு சொல்லவே இல்லியா? அப்புறமாவது சொல்லிருப்பாருன்னுல்ல நெனச்சேன்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்தக் கதை வந்து சில மாதம் கழித்து அதே பத்திரிகை மன்னிப்புக் கேட்டிருக்கிறது. எழுதியவன் அந்த மலைப்பக்கம் போனதே இல்லை, போட்டோவெல்லாம் வேறு யாரோ எடுத்தது, வாசகர்களிடம் வருத்தம் தெரிவிக்கிறோம் என்று. அது நம் கம்பெனிக்கு வந்ததும் நீ வழக்கம்போல எடுத்துப்போய்ப் படித்திருக்கிறாய்.

"எப்ப?" என்றேன். எனக்கு அது ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"நீங்க ரெண்டு பேரும் போறதுக்கு முன்னாடிதாண்ணா. கிறிஸ்மஸ் டைமு. நான் வாசல்ல ஸ்டார் கட்டிக்கினு இருந்தேன். அவரு படிச்சிட்டு அப்டியே குந்திக்கினு இருந்தாரு. 'ஊட்ல உக்காந்துகினு எழுதிக்கீறான் ஸ்டெல்லா'ன்னாரு. அப்ப நீங்களும் போவாதீங்கன்னேன். புக்க மடிச்சி வெச்சாரு. அப்புறம், 'முனிகிட்ட சொல்லிடாத, கட்டுன மூட்டைய அவுத்துருவான்'னாரு. பை தைக்கறத நிறுத்தாதன்னும் சொன்னாரு."

கையிலிருந்த டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பிறகு பார்த்தால் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருக்கிறேன், காலில் செருப்பு இல்லை.

உன்மேல் வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். இல்லாத ஒருத்தனைக் காட்டி என்னை மலையேற்றிவிட்டாயே. அவனை வைத்துத்தானே கஸ்தூரியின் ஆபரேஷனைத் தாண்டினேன், உன் சாவைத் தாண்டினேன். அத்தனையும் எவனோ வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியதா? இத்தனை வருடத்தில், பக்கத்து மெஷினில் நின்றுகொண்டு, ஒரு நாள் சிரித்துக்கொண்டாவது சொல்லியிருக்கக் கூடாதா?

ஏரிக்கரையில் எவ்வளவு நேரம் நின்றேனோ. திடீரென்று ஒன்று உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மலையில் எனக்கு முன்னால் ஒருத்தன் போய்க்கொண்டிருந்தான். உனக்கு முன்னால் யாரும் இல்லை. உனக்கும்தானே கால் வலித்தது? உனக்கும்தானே மூச்சு முட்டியது? யாரும் ஏறவில்லை என்று தெரிந்துகொண்டு, பின்னால் வருகிறவனையும் எழுப்பிவிட்டு, எதை நம்பிடா நீ ஏறினாய்?

உனக்காவது தெரிந்திருந்ததா?

மறுநாள் வேலை முடிந்து செருப்பை எடுக்கப் போனேன். ஸ்டெல்லா ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தப் புதுப் பத்திரிகையை எடுத்து வந்தாள். வாசகர்கள் போய்வந்த பயணங்களை எழுதி அனுப்பலாம் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தார்களாம்.

"நீங்க சொல்லுங்கண்ணா, நான் இங்கிலீஷ்ல அடிக்கிறேன். அந்த ஆளு எழுதுனானே அதே புக்குக்கு அனுப்பலாம். போடுறாங்க, போடல, அது அவங்க இஷ்டம்."

தினமும் ஆபீஸ் முடிந்தபிறகு அங்கேயே கொஞ்சம் இருந்து அடித்தாள். நான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். கேன்வாஸ் பை, வர்ணக் கொம்பு, வாலாஜா வராந்தா எல்லாம் சொன்னேன். மலை வந்ததும் கேட்டாள்: "ஏறினோம்னு போடவா, தள்ளினோம்னு போடவா?"

"தள்ளினோம்னே போடும்மா."

பிறகு நான் உட்கார்ந்த இடம் வந்தது. நீ சொன்னதை அப்படியே சொன்னேன். டைப்ரைட்டர் சத்தம் நின்றுவிட்டது. ஸ்டெல்லா குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். "அவருக்கு முன்னாடியே தெரியும்ன்றத எழுதவாண்ணா? வாணாம்னா உட்டுடலாம். அவருதான் இல்லியே."

எழுதினால் நீ பொய் சொன்னவன் ஆகிவிடுவாய். எழுதாவிட்டால் அந்தப் பத்திரிகையில் இன்னொரு பொய் நம் கையால் போகும். அதைவிட, நீ செய்தது யாருக்கும் தெரியாமலே போகும்.

"எழுது தங்கச்சி" என்றேன். "யாரும் ஏறலன்னு அவனுக்குத் தெரியும்னு எழுது. தெரிஞ்சே ஏறினான்னு எழுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள். நேற்று அம்பத்தூர் தபாலாபீசில் இருவருமாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தோம். பத்திரிகையில் போடுவார்களா என்று தெரியாது. எந்த ஊரில் எவன் படிப்பான் என்றும் தெரியாது. படித்துவிட்டு ஒருவனாவது சைக்கிளைத் துடைத்துக் கிளம்புவானா மச்சான்? நீ கிளம்பினாய், பொய் என்று தெரிந்தே கிளம்பினாய்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். இனி யாராவது என் முன்னால் முடியவில்லை என்று உட்கார்ந்தால், பனிமலைக்காரனைச் சொல்ல மாட்டேன். சேவியர் என்று ஒருத்தன் இருந்தான், எங்களோடு மண்ணூர்பேட்டையில் பெடல் அச்சு கடைந்தான் என்று ஆரம்பிப்பேன்.

கூடப் பிறக்காமல் கூடவே வந்த உன் மச்சான்,
முனுசாமி