பொட்டு வைத்த களிம்பு

ஐப்பசி 4

காலையிலிருந்து தூறல். சாயக் கொட்டகையில் நூல் காயவில்லை. வேலை கம்மி.

முதலுதவிப் பெட்டியைத் துடைத்தேன். அது என் பொறுப்பு. இருப்பு: பஞ்சு ஒரு சுருள். கட்டுத்துணி இரண்டு. டிங்சர் அரை பாட்டில். கத்தரி, துரு. பென்சிலின் களிம்பு இரண்டு டியூப்.

ஒரு டியூப் அறுபத்தெட்டாம் வருஷம் மாசியில் வாங்கினது. வாலாஜாபாத் போன அன்று, செருப்பு அறுந்துபோன நாள். மற்றது இந்த ஆடியில். பழையதை எறியச் சொல்லி ஆஸ்பத்திரி கம்பவுண்டர் போன வருஷமே சொன்னார். ஆனால் வருஷா வருஷம் ஆயுத பூசையில் பெட்டிச் சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் இடுகிறோம். பொட்டு வைத்ததைக் குப்பையில் போட மனம் வரவில்லை. டியூபில் களிம்பும் இன்னும் நிறைய இருக்கிறது.

ஐப்பசி 5

மழை விட்டது.

எத்திராஜுக்குக் கை வெந்துவிட்டது. சாயக் கொப்பரையில் பட்டு நூல் வேகும்போது கழி நழுவி, கொதிநீர் வலது கை முழுக்க. நூலைப் பிழிவதில் அவனுக்கு ஈடு கொட்டகையில் ஆள் கிடையாது.

பழைய டியூபைத்தான் போட்டேன். முதலில் அது தீரட்டும் என்று.

“எரியுது பெரியப்பா.”

“எரியட்டும். மருந்து வேலை செய்யுது.”

மத்தியானம் மோர் புளிப்பு.

ஐப்பசி 9

எத்திராஜ் வீட்டுக்குப் போனேன். கை வீங்கி, சீழ். ஜுரம். அவன் பெண்டாட்டி முனியம்மா விடாமல் ஏசுகிறாள்.

“புண்ணை வச்சிக்கினு கருவாடு துன்னா சீழ் கட்டாம பூவா பூக்கும்?”

“ஒரே துண்டுதாம்மே.”

“ஒரு துண்டாம். நீயே கேளு பெரியப்பா.”

“வாயைக் கட்டணும்பா” என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அதைச் சொல்லியிருக்கவேண்டாம்.

ஐப்பசி 10

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். எத்திராஜ் உள்ளே ஊசிக்கு. என்ன போட்டீங்க என்று கம்பவுண்டர் கேட்டார். டியூபை எடுத்துக் கொடுத்தேன். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார்.

“பெரியவரே, மருந்துக்குக் கண்ணாலம் பண்ணி வச்சிக்கினு இருக்கீங்களா? தேதி முடிஞ்சி ரெண்டு வருஷம் ஆவுது.”

டியூபில் இருப்பது இங்கிலீஷ். முதியோர் பள்ளியில் நான் எழுத்துக் கூட்டிப் படித்தது தமிழ் மட்டும். ஆனால் எது எப்போது வாங்கினது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

டாக்டர் சொன்னது: இரண்டு விரல் மடங்குவது சந்தேகம்.

திரும்பும்போது பஸ்ஸில் எத்திராஜ்: “அவ சொன்னது நெசம்தான் பெரியப்பா. நாக்கை அடக்கத் தெரியல.”

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி 13

சரியாகச் சாப்பிடவில்லை. முதுகு வலி. அவன் வீட்டுத் தெரு வழியாகப் போகாமல் குளக்கரை சுற்றி வந்தேன்.

ஐப்பசி 17

போய்ச் சொல்லிவிட்டேன்.

முனியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “கருவாடு இல்லம்மா. நான் போட்ட மருந்து பழசு. தெரிஞ்சேதான் போட்டேன்.”

முறம் நின்றது.

“எத்தினி நாளா அந்த மனுசனுக்கு வெறும் கஞ்சி ஊத்திக்கினு இருக்கேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். பக்கத்துல குந்திக்கினு கேட்டுக்கினு இருந்தியே.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. எத்திராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

ஐப்பசி 18

பழையதெல்லாம் குழி தோண்டிப் போட்டு மூடினேன், பொட்டோடு. இதற்கு இவ்வளவு நாள்.

புதிது: களிம்பு 2, கட்டுத்துணி 6, பஞ்சு 2, டிங்சர் 1. முடிகிற மாசத்தைத் தமிழில் எழுதித் தரச்சொல்லி, கம்பவுண்டரிடம் காகிதம் வாங்கி ஒட்டினேன்.

பெட்டியை வேறு ஆளிடம் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். “இனிமே நீதான் சரியா பாப்பே” என்றார். பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கார்த்திகை 12

நல்ல வெயில். எத்திராஜ் வேலைக்கு வந்தான். கட்டு இல்லை. இரண்டு விரல் நீட்டினபடியே நிற்கிறது.

சிவப்பு நூல் கட்டைப் பிழியக் கொம்பில் மாட்டி, கழியைச் செருகி, இடது கையால் முறுக்கினான். பாதிதான் முறுக்கு ஏறியது. தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் பார்க்காத மாதிரி வேலை செய்தார்கள். நான் போய்க் கழியின் மறுமுனையைப் பிடித்தேன்.

“விடு பெரியப்பா.”

விட்டேன்.