சின்னத் திருத்தம்

மார்ச் 3, செவ்வாய்

ஜாவா கணினிமொழி மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் வந்துவிட்டது. எங்கள் பேச்சு இரண்டாம் நாள், மதியத்துக்கு முன், பெரிய ஹால். பழைய ஜாவாவில் ஓடும் கணினி நிரலைப் புதியதற்கு மாற்றும்போது எங்கெங்கே உடையும், எப்படிச் சரிசெய்வது. போன செப்டம்பரில் நானும் அவரும் சேர்ந்து எழுதிப் போட்டது. அப்போது ஒரே வீட்டில் இருந்தோம். நவம்பரில் அவர் தனியாக அறை பார்த்துக்கொண்டு போனார். போகச் சொன்னது நான்தான்.

மாநாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது? இரண்டு பேர் படத்தையும் ஒட்டி ஒட்டிப் போட்டிருக்கிறார்கள்.

சந்தோஷமா எரிச்சலா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் இல்லை. துணி காயப்போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

அவர் போன் செய்தார். பேச்சை ரத்து செய்துவிடலாம் என்பார் என்று நினைத்தேன். இல்லை, செய்துவிடலாமாம். எப்போதும்போல நான் கணினியில் தட்டுவேன், அவர் பேசுவார். பிறகு, வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பற்றி என்ன யோசித்திருக்கிறாய் என்று கேட்டார். மாநாடு முடியட்டும், சொல்கிறேன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. ஒரு தேதி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தேதி இருந்தால் அதுவரைக்கும் யோசிக்க வேண்டாம்.

என் பெண், வாலு, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்புக் காதிடம் பாம்புக் காது தோற்றுவிடும். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். வழக்கமான விசாரணைக் கமிஷன். குடிக்கிறாரா? இல்லை. கை நீட்டுகிறாரா? இல்லை. வேறு யாராவது? சீச்சீ. "பின்ன என்னதான்டி பண்றாரு?"

"திருத்துறாரு" என்றேன்.

அக்கா என்னை வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? ஒரே குழுவில் வேலை பார்த்த நாளிலிருந்து இதுதான். சாயங்காலம் நான் எழுதி வைத்துவிட்டு வரும் நிரல் காலையில் வேறு மாதிரி இருக்கும். யார் மாற்றினார்கள் என்று, கணினி பதிந்துவைக்கும் மாற்றங்களின் வரலாற்றைப் பார்த்தால் அவர் பெயர், பக்கத்தில் காரணம்: சின்னத் திருத்தம். எப்போதும் அதே இரண்டு வார்த்தை. கேட்டால், "நல்லாத்தானே ஆயிருக்கு?" ஆமாம், நன்றாகத்தான் ஆகியிருக்கும். அதுதானே வயிற்றெரிச்சல்.

நிரலோடு நின்றால் பரவாயில்லை. பள்ளிக்கு நான் எழுதிய கடிதத்தைத் திருத்தினார். போன வருடம் பதவி உயர்வுக்கு நான் எழுதிய விண்ணப்பத்தை, நான் தூங்கும்போது எடுத்துத் திருத்தி அனுப்பியும் விட்டார். உயர்வு கிடைத்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள். யாருக்குக் கொடுத்தார்கள்? அந்த விண்ணப்பத்துல என்னோடதுன்னு ஒரு வாக்கியம் இருந்துச்சா? சொல்லிட்டு செஞ்சா என்ன, வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, மாத்தட்டுமான்னு கேட்டிருந்தா -

சரி. விடு. அன்றைக்கு வந்த கோபத்தில்தான் போகச் சொன்னேன். இன்றைக்கு அந்தக் கோபத்தைத் தேடினால் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது அக்கா சொன்னாள்: "உப்புக்குப் பெறாத விஷயம்டி." இருக்கலாம்.

மார்ச் 15, ஞாயிறு

மேடையில் ஓட்டிக் காட்ட வேண்டிய டெமோ தயார். அவரவர் வீட்டிலிருந்தே செய்தோம். வேலை என்றால் நாங்கள் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

மார்ச் 19, வியாழன்

முதல் நாள். கழுத்தில் அட்டை, தோளில் இலவசப் பை. நான்கு பேச்சு கேட்டேன். லட்சம் வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடும் புது வித்தை பற்றி ஒருவர். நினைவகத்தை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று இன்னொருவர். எல்லாம் புரிந்தது, குறிப்பும் எடுத்தேன். முன்பெல்லாம் இப்படி ஒன்றைக் கேட்டால் உடனே ஓடிப்போய் எழுதிப் பார்க்கக் கை பரபரக்கும். இன்றைக்குக் கை மடியிலேயே கிடந்தது.

காபி வரிசையில் எனக்கு முன்னால் நிரல்களைச் சோதிக்கும் ஒரு டெஸ்டர் அம்மாள், தடிக் கண்ணாடி. வருடா வருடம் வருகிறாராம். இத்தனை வருடத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். "எனக்கு மட்டும்தான் தெரியலைன்னு நெனச்சு வீட்ல உக்காந்திருப்பேன். இங்க வந்தா யாருக்குமே தெரியலைன்னு தெரியும். அதுக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு" என்றார். சிரித்தேன். முகம் மட்டும் சிரித்தது.

அவரைத் தூரத்தில் பார்த்தேன். மெலிந்திருக்கிறார். கை காட்டினார், நானும் காட்டினேன்.

மார்ச் 20, வெள்ளி

காலையில் அவரிடமிருந்து செய்தி: "ஸ்லைடு மட்டும் கொஞ்சம் மாத்திருக்கேன், இறக்கிக்கோ." இறக்கிக்கொண்டேன்.

ஹால் நிறைந்திருந்தது. அவர் பேசினார், நான் தட்டினேன். அவர் அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், என் விரல் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். இதில் மட்டும் எங்களுக்குள் ஒரு குறையும் இருந்ததில்லை. முக்கியமான இடம் வந்தது. பழைய நிரலை அப்படியே புது ஜாவாவில் ஓட்ட வேண்டும், அது எல்லோர் முன்னாலும் உடைய வேண்டும், திரை முழுக்கச் சிவப்பு வர வேண்டும். பிறகுதான் ஒவ்வொன்றாகச் சரிசெய்து காட்டுவோம். பேச்சின் உயிரே அந்த உடைதல்தான்.

"இப்ப உடையும், பாருங்க" என்றார்.

ஓட்டினேன். உடையவில்லை. பச்சையாக, சமர்த்தாக, கடைசிவரை ஓடி முடிந்தது.

மறுபடி ஓட்டினேன். பச்சை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு வியர்க்கவில்லை, படபடப்பும் இல்லை. என்ன நடந்திருக்கும் என்று கை தானாகப் புரிந்துகொண்டு, மாற்றங்களின் வரலாற்றைத் திறந்தது. பெரிய திரையில், முந்நூறு பேர் பார்க்க, முதல் வரி: நேற்றைய தேதி, அவர் பெயர், சின்னத் திருத்தம்.

ஹால் கொல்லென்று சிரித்தது. எல்லோருக்கும் இப்படி ஒரு சக ஊழியர் இருப்பார் போல.

நான் அவரைப் பார்த்தேன். ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார், பிறகு மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். "ஸ்லைடு மாத்தும்போது, நிரல் பயன்படுத்தற ஒரு லைப்ரரி பழசா இருக்குன்னு மஞ்சள் எச்சரிக்கை வந்துது. கண்ணை உறுத்துச்சு. புது ஜாவாவுக்குப் பொருந்தற பதிப்புக்கு ஏத்திட்டேன். அது உடையறதுதான் டெமோன்னே தோணல." என் பக்கம் கையைக் காட்டினார். "இவங்க ப்ரோக்ராம் இது. நான் கேக்காம கை வெச்சேன். எப்பவும் இப்படித்தான் பண்ணிட்டிருந்திருக்கேன். தப்பு."

கூட்டத்துக்கு அது ஒரு தொழில் பாடம். கை தட்டினார்கள். நான் அந்தத் திருத்தத்தை நீக்கினேன், மறுபடி ஓட்டினேன். சிவப்பு சிவப்பாகக் கொட்டியது. இன்னும் பெரிய கைதட்டல். மிச்சப் பேச்சு நன்றாகப் போனது.

முடிந்ததும் நடைபாதையில் அவர் வந்து நின்றார். இனிமேல் கேட்டுவிட்டுத்தான் செய்வேன் என்றார். கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை, எனக்குத் தெரியும். இந்த வார்த்தைக்காக எத்தனை வருடம் தவம் கிடந்தேன்! இப்போது வந்துவிட்டது, அதுவும் முந்நூறு சாட்சிகளோடு. உள்ளே ஏதாவது அசைகிறதா என்று காத்திருந்தேன். காத்துக் காத்து அலுத்துப்போன பேருந்து வந்து நிற்கிறது, ஏறத் தோன்றவில்லை.

"நல்லாப் பேசினீங்க" என்றேன். சாப்பிடப் போனேன்.

மார்ச் 23, திங்கள்

மாநாட்டுக்குப் போனவர்கள் வந்து குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. சொன்னேன். புது வித்தைகள், நினைவகம், பதிப்பு மாற்றம். கடைசியில் மேனேஜர், ஒரே வரியில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். அடுத்தவர் நிரலைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்றேன். இதற்கு மாநாட்டுக்குப் போக வேண்டுமா என்று சிரித்தார்கள். நியாயம்தான்.

மார்ச் 24, செவ்வாய்

தலைவலி.

மார்ச் 28, சனி

சொல்லிவிட்டேன். அவர் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் காபிக் கடையில். திரும்பி வர வேண்டாம் என்றேன்.

மாநாட்டில் சொன்னது நடிப்பென்று நினைக்கிறாயா என்று கேட்டார். இல்லை, நம்புகிறேன், நீங்கள் மாறுவீர்கள் என்றேன். அப்புறம் ஏன் என்றார். இன்னும் கோபமா?

"கோபம் இருந்தா வாங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றேன். "அதுகூட இல்ல."

அவர் காபி ஆறிப் போயிற்று. என் வாக்கியத்தை அவர் திருத்தவில்லை.

வாலுவிடம் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். தெரியும் என்றாள். அப்பா வீட்டில் தனக்கொரு மேசை உண்டா என்று கேட்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா போனில் அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன்! யாருக்கு யார்?

ஏப்ரல் 11, சனி

மிச்சச் சாமான்களை எடுத்துப்போக வந்தார். நான் சமையலறையிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டார். இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளட்டுமா? இந்த விளக்கு உன்னுடையதா என்னுடையதா? இந்த அலமாரியை நகர்த்தினால்தான் பெட்டி வெளியே வரும், நகர்த்தட்டுமா? நான் தலையாட்டும்வரை கை வைக்கவில்லை. அலமாரியை நகர்த்திவிட்டு, பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார். அது கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும் எப்போதும். கோணலாகவே வைத்தார்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "நாளைக்கு ஞாயிறு, அவளைக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றார். சரி என்றேன். "எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றார். பத்துக்கு என்றேன். நன்றி என்றார். என்னிடம், நன்றி.

கதவைச் சாத்தினேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். எங்கிருந்து அழுகை வந்ததோ தெரியல, நிக்கவே இல்ல, தரையிலயே உக்காந்துட்டேன். இவ்வளவு நல்லா கேக்கத் தெரிஞ்ச மனுஷன். பாவி மனுஷன்.

வாலு கதவைத் தட்டினாள். "அம்மா, அழறியா?"

ஆமாம் என்றேன். கதவைத் திறந்து அவளையும் உள்ளே விட்டேன்.