முன்கையில் ஒரு பேர்

3-3-1952, திங்கள்
ராயபுரம் சந்தையில் இன்று மூன்று பேர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூவரும் எங்கள் ஆஸ்பத்திரியில் குஷ்டத்துக்கு மருந்து வாங்குகிறவர்கள். இந்த நர்ஸைத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் வியாதியும் வெளியே தெரிந்துவிடுமே. நியாயந்தான். ஆனாலும், கத்தரிக்காய் விலையைப் பற்றிப் புலம்பக்கூட எனக்கு ஓர் ஆள் இல்லை.

6-3, வியாழன்
காத்திவாக்கம் பூவம்மா வந்தாள். என்னோடு வாய் ஓயாமல் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். இறால் விற்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ரயிலேறுகிறாள். மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதாம். "இது தெரிஞ்சா கதை கந்தல்தாம்மா." முதல் நாள் புருஷன் பேரைக் கேட்டபோது வாயால் சொல்ல மாட்டேன் என்று முன்கையை நீட்டினாள். 'லட்சுமணன்' என்று பச்சை குத்தியிருந்தது. அதை ஒட்டித்தான் தேமல்.

10-3, திங்கள்
டாக்டர் ரகுபதி பம்பாய் மாநாட்டுக்கு நோயாளிகளின் புகைப்படங்களை அனுப்புகிறார். பிறகு அதே படங்களைத் திருவொற்றியூர் சுகாதாரக் கண்காட்சியிலும் மாட்டுவார்களாம். முகங்களில் கறுப்பு மை பூசியாயிற்று. பூவம்மா படத்தில் கை பளிச்சென்று தெரிகிறது, பேரோடு! டாக்டரிடம் சொன்னேன்.
"முகந்தான் இல்லையே சிஸ்டர்? பழைய படத்தையும் இதையும் அந்தப் பேரை அளவாக வைத்து ஒப்பிட்டால்தான் தேமல் எவ்வளவு சுருங்கியது என்று புரியும். நாலு பேருக்கு உதவும்."
அதுவும் மெய்தான்.

11-3
அவளைக் கேட்காமல் கொடுக்க நாம் யார்?

13-3, வியாழன்
பூவம்மாவிடம் படத்தைக் காட்டினேன். முகத்தில் மையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.
"மூஞ்சிய வேணா காட்டிக்கோம்மா. என்னிய மாதிரி ஆயிரம் பேர் கீறாங்க. இந்தக் கை குப்பத்துக்கே தெரியும். அந்தப் பேர நானே வாயால சொன்னதில்ல, நீங்க ஊருக்கே சொல்லுவீங்களா?"
நேரே டாக்டரிடம் போனேன். "அவள் வேண்டாம் என்கிறாள். உங்கள் வீட்டு அம்மாள் கையென்றால் மாட்டுவீர்களா?" — கேட்டேவிட்டேன்! சாயங்காலம் பார்த்தால், அவர் படத்தை எடுத்து வைத்துவிட்டு, கையையும் தேமலையும் மட்டும் அளவெடுத்துத் தாளில் வரைந்துகொண்டிருந்தார். பேர் இல்லை.

8-6, ஞாயிறு
திருவொற்றியூர் ரயிலடியில் பூவம்மா. பக்கத்தில் புதுத் தாலிக் கயிறோடு மகள், மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டார். பழக்கத்தில் சிரித்துவிட்டேன். அறிவு கெட்டவள் நான்!
"யாரும்மா அது? உன்னப் பாத்து சிரிக்குது?" என்றாள் மகள்.
"யாரோ. ஆளு தெரியாம சிரிக்குது."
"ஆமாம்மா, வேற யாரோன்னு நெனச்சிட்டேன்" என்றேன்.
எனக்குச் சந்தோஷந்தான். ஆனாலும் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்து ஓர் ஆளுக்கு உலை வைத்தேன்.