வாந்திக் கட்டத்தில் பூஜ்யம்

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

அப்பாவின் புற்றுநோய்க்குத் தரும் மருந்து புதியது. எந்த அளவுவரை உடம்பு தாங்கும் என்று இப்போதுதான் சோதிக்கிறார்கள். வீட்டில் என்னென்ன உபத்திரவம் வந்தது என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவின் கை நடுங்குவதால் நான்தான் எழுதுகிறேன்.

இன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அட்டையை எடுத்தேன்.

"வாந்திக்குப் பூஜ்யம் போடு மக்ளே," என்றார் அப்பா.

"நேத்து நாலு தடவை எடுத்தீங்கல்லா?"

"நீ பெரிய டாக்டராக்கும்! எழுதினா மருந்த நிறுத்திருவாங்க. வேற மருந்து இல்லன்னு சொல்லியாச்சுல்லா."

பூஜ்யம் போட்டேன். சிஸ்டர் அட்டையைப் பார்த்து, "நல்லது. அடுத்த ஆளுக்கு அளவைக் கூட்டலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த ஆள், அப்போதுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சசி மாமா. கழக்கூட்டத்தில் ஆட்டோ ஓட்டுகிற மலையாளி. அவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"மோளே, உள்ளதைச் சொல்லு. இந்த மருந்தால அப்பாவுக்கு உபத்திரவம் ஒண்ணும் இல்லல்லோ?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்று தலையாட்டினேன். சசி மாமா சிரித்தார். வியாழக்கிழமை அவருக்கு முதல் ஊசி.